கீபோர்டு சுவிட்ச்: பெட்டியில் உள்ள எண்ணும் உங்கள் விரலும்

"மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினா கைவலி போயிடுமா?" கை சிகிச்சை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. நிரல் எழுதுபவர்கள், வங்கி ஊழியர்கள், தேர்வுத்தாள் தட்டச்சு செய்யும் தமிழாசிரியர்கள், இரவெல்லாம் விளையாடும் பாலிடெக்னிக் மாணவர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். புது கீபோர்டு தனியாக எந்த வலியையும் தீர்க்காது. ஆனால் கைக்குப் பொருந்தாத சுவிட்ச், இருக்கிற வலியைக் கூட்டிவிடும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு தனி சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சில் மூன்று வகை. லீனியர் தடங்கல் இல்லாமல் இறங்கும். டாக்டைலில் நடுவே ஒரு சின்ன மேடு விரலுக்குத் தெரியும். கிளிக்கியில் அந்த மேட்டோடு சத்தமும் உண்டு. வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரே அறையில் இன்னொருவர் தூங்குகிறார் என்றால் கிளிக்கியை மறந்துவிடுங்கள்.

குழப்பம் வருவது எண்களில்தான். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு லீனியருக்கு 45 சென்டிநியூட்டன், கறுப்புக்கு 60 என்று போட்டிருக்கும். ஒரு சென்டிநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிராம் எடைதான். இந்த எண், கீ பாதி வழி இறங்கி எழுத்து பதிவாகும் இடத்தில் தேவைப்படும் அழுத்தம். தனியாக விற்கும் ஸ்பிரிங்குகளில் பலவற்றுக்கு, முழுதும் அழுத்தி அடியில் முட்டும்போது உள்ள எண்ணைப் போடுகிறார்கள். அதனால் 62 கிராம் ஸ்பிரிங்கும் 45 என்று போட்ட சுவிட்சும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். வாங்கும் முன் "இது பதிவாகும் இடத்து எண்ணா, அடிமட்டத்து எண்ணா" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரருக்குப் பதில் தெரியும்.

பெரும்பாலானோர் தேவையைவிடப் பல மடங்கு பலமாகக் கீயை அடிக்கிறார்கள். எழுத்து 2 மில்லிமீட்டரில் பதிவானாலும் விரல் 4 மில்லிமீட்டரும் போய் அடித்தட்டில் மோதும். நாள் முழுக்க அந்த மோதலை வாங்குவது விரல் நுனியும் தசைநாண்களும். இப்படி அடிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாக்டைல். எழுத்து பதிவாவதை அந்த மேடு உணர்த்துவதால், சிலர் பழகப் பழக மெதுவாகத் தட்டுகிறார்கள். உள்ளே ரப்பர் வைத்த சைலன்ட் சுவிட்சும் மோதலைக் கொஞ்சம் மென்மையாக்கும்.

அப்போ மிக லேசானதையே வாங்கலாமே என்று தோன்றும். அதுவும் எல்லாருக்கும் ஒத்துவராது. 35 கிராம் சுவிட்சின்மேல் விரலை இளைப்பாற வைத்தாலே எழுத்து விழுந்துவிடும். அதற்குப் பயந்து விரல்களைத் தூக்கியே வைத்திருப்பார்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று வருபவர்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று நான் கட்டாயம் பார்ப்பேன், ஏனென்றால் விரலைத் தூக்கிப் பிடிக்கும் தசைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறைகளில் பொதுவாக ண, ள, ற எழுத ஷிஃப்ட் தேவை. அந்த வேலை பெரும்பாலும் இடது சுண்டுவிரலில்தான் விழுகிறது, அது கையின் பலவீனமான விரல். உங்கள் கீபோர்டு ஹாட்-ஸ்வாப் (சுவிட்சைப் பிடுங்கி வேறு மாட்டக்கூடியது) என்றால், சாலிடரிங் இல்லாமல் ஷிஃப்டுக்கு மட்டும் லேசான சுவிட்ச் மாட்டலாம். சுவிட்சைத் தொடாமலே விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கினாலும் போதும். ஷிஃப்டைத் தட்டி விட்டுவிட்டு எழுத்தை அடிக்கலாம். தமிழ் எழுத்துகளுக்கென்றே அமைத்த தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இன்னும் நல்லது. ஒலிப்பு முறையில் 'அம்மா' எழுத ஐந்து தட்டு, தமிழ்99-இல் நான்கு. புள்ளி தானாக விழும். ஷிஃப்டும் பெரும்பாலும் கிரந்த எழுத்துக்குத்தான்.

இனி, சுவிட்சைப் பிரித்து மசகு தடவுவது. ஆர்வம் புரிகிறது, சத்தமும் உரசலும் நிஜமாகவே குறையும். ஆனால் 87 கீ உள்ள கீபோர்டு என்றால் 87 முறை மூடியைத் திறந்து, கீயோடு இறங்கும் நடுத்தண்டான ஸ்டெம்மைக் கவ்வி, தூரிகையால் தடவி மூட வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே செய்யும் வேலை. ஒரே இரவில் முடித்துவிட்டுக் கட்டைவிரல் அடியில் வலியோடு வருபவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வரிசை செய்யுங்கள். கையில் மெல்லிய கையுறை இருக்கட்டும். பலரும் வாங்கும் கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற மசகில் டெஃப்ளான் வகைத் தூள் கலந்திருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அது ஒன்றும் செய்யாது. ஆனால் விரலிலிருந்து சிகரெட்டில் ஒட்டி எரிந்தால் வரும் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் தரும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். டாக்டைல் சுவிட்சில் மேட்டை உண்டாக்கும் ஸ்டெம்மின் கால்களில் தடவ வேண்டாம், வாங்கிய மேடே மழுங்கிவிடும்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்த் தட்டிப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் கடையில் நின்றுகொண்டு மேலிருந்து தட்டும்போது எல்லா சுவிட்சும் லேசாகத் தெரியும். முடிந்தால் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, உங்கள் மேசை உயரத்தில் பாருங்கள். இல்லையா, கீபோர்டு ஹாட்-ஸ்வாப் என்றால் நான்கைந்து சுவிட்ச் மட்டும் வாங்கி, அதிகம் அடிக்கும் கீகளில் மாட்டி ஒரு வாரம் வேலை செய்யுங்கள்.

மெக்கானிக்கல் கீபோர்டு உயரமானது என்பதையும் மறக்காதீர்கள். பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தால், அதில் கைநரம்பு செல்லும் குறுகிய வழியான கார்பல் டனலுக்குள் அழுத்தம் கூடும். எந்த ஸ்பிரிங்கும் அதைச் சரிசெய்யாது.

இரவில் கை மரத்து விழிப்பு வருகிறதா, பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் குறுகுறுக்கின்றனவா, பிடித்த பொருள் நழுவுகிறதா? சரி, சுவிட்ச் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு அழுத்தத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், இரவில் போடும் மணிக்கட்டுப் பட்டையிலேயே பலருக்குக் குறைந்துவிடும்.