மென்தணிப்பு: அனீலிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல்

உலோகக் கம்பி ஒன்றை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் விறைத்துப்போய்க் கடைசியில் ஒடிந்துவிடும். வளைக்க வளைக்கப் படிக அடுக்கில் பிசகுகள் பெருகி, ஒன்றை ஒன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்வதே காரணம். ஒடியும் முன்பே சூடாக்கி ஆறவிட்டால் அணுக்கள் இடம்பெயர வழி பிறக்கிறது. சிக்கல்கள் அவிழ்ந்து புதிய படிகமணிகள் வளர்கின்றன. கம்பி மறுபடி வளைந்து கொடுக்கிறது. இதுவே அனீலிங்.

இதன் வேர், 'மூட்டு, எரி' எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினை. கண்ணாடியையும் மண்பாண்டத்தையும் சூளையில் சுடுவதற்கு அது வழங்கி, பிறகு சுட்டதை மெல்ல ஆறவைப்பதற்கு மாறியது. தீயைக் குறித்த சொல் குளிர்ச்சியைக் குறிக்க வந்த கதை இது.

கணிமைக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஐபிஎம் ஆய்வாளர்கள் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி. 1983இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அவர்களது கட்டுரை, கணினிச் சில்லுகளின் உறுப்புகளை எங்கெங்கே வைத்தால் இணைப்புகள் சுருங்கும் என்ற சிக்கலை எடுத்துக்கொண்டது. எல்லா அமைப்புகளையும் சோதிக்க ஆயுள் போதாது. விடை மேலாக மேலாகப் பள்ளம் ஆழமாகும் ஒரு நிலப்பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு படியிலும் மேலானதையே தேர்ந்தால், அருகிலுள்ள சிறு பள்ளத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிடுவோம். ஆழமான பள்ளம் அடுத்த மேட்டுக்கு அப்பால் இருக்கலாம். எனவே 'வெப்பநிலை' என்று ஓர் எண்ணை வைத்தார்கள். அது உயர்ந்திருக்கையில் மோசமான மாற்றங்களும் அடிக்கடி ஏற்கப்படும். குறையக் குறைய அந்தத் தாராளம் சுருங்கும். மேடேறும் இந்த உரிமைதான் முறையின் உயிர். அதற்கான நிகழ்தகவு விதி 1953இலேயே இயற்பியலாளர் மெட்ரோபொலிஸின் குழுவினர் தந்தது.

தமிழில் 'பதப்படுத்தல்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தோலையும் உணவையும்கூடப் பதப்படுத்துகிறோம். ஆறும் வேகத்தைப் பற்றி அச்சொல் எதுவுமே சொல்வதில்லை. ஆறவைத்தல் என்ற பொருளில் 'ஆற்றல்' என முடியும் சொல்லும் ஆகாது. இந்தக் கணிமுறையில் குறைக்கப்படும் அளவுக்கே ஆற்றல் (energy) என்றுதான் பெயர். இரண்டும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

நான் முன்வைப்பது 'மென்தணிப்பு'. மெல்ல, மென்மை இரண்டும் மெல் என்ற ஒரே வேரில் பிறந்தவை. மெல்லத் தணிப்பதால் மென்மையாகும் பொருள்: காரணமும் விளைவும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இதற்கு எதிரான செயலுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவதைத் தோய்ச்சல் என்கிறோம். வெப்பநிலையைச் சட்டென இறக்கிய நிரல் அரைகுறை விடையில் உறைந்துபோவதையும் அதே பெயரால் அழைக்கலாம்.

ஆங்கிலத்தில் simulated annealing எனப்படும் அந்தக் கணிமுறையைப் 'பாவனை மென்தணிப்பு' எனலாம். 'போலி' வேண்டாம், விடை மெய்யானது, சூடு மட்டுமே பாவனை. ஜப்பானிய இயற்பியலாளர்கள் கடோவாகியும் நிஷிமோரியும் 1998இல் முன்மொழிந்த குவாண்டம் வகையில் வெப்பத்தின் இடத்தைக் குவாண்டம் அலைவுகள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஆறுவதற்குச் சூடே இல்லை; ஆனால் அலைவும் தணியும். 'குவாண்டம் மென்தணிப்பு' அப்படியே பொருந்துகிறது.