ஆஸ்துமா இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளவா?

2020 மார்ச் கடைசி. ஊரடங்கு தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. காரைக்குடியில் என் கிளினிக் பாதி நேரம்தான் திறந்திருந்தது, மீதி நேரமெல்லாம் போன்தான். போனில் வைத்தியம் பார்ப்பதற்கான வழிமுறையை மத்திய அரசு வெளியிட்டதே அந்த மார்ச் 25-ல்தான். அதற்கு முன்பும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒத்துக்கொள்ள மாட்டோம்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். அறுபத்தேழு வயது. இருபது வருஷ ஆஸ்துமா, கூடவே சர்க்கரை.

"தம்பி, பத்து நாளா தனியாத்தான் இருக்கேன். யாரையும் கிட்ட சேக்கலை. ஆனா ராத்திரியானா இழுப்பு வந்துருது. எனக்கு அந்தக் கொரோனா வந்துருச்சா?"

காய்ச்சல் இருக்கிறதா என்றேன், இல்லை. வாசனை தெரிகிறதா என்றேன். "பின்கட்டுல வடகம் தாளிச்சா இங்க மூக்குல ஏறுது" என்றார். எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பேரனை வாசலில் நின்று வீடியோவில் காட்டச் சொன்னேன்.

அது வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருந்த சாமான் அறை. சுவரோரம் பித்தளை அண்டாக்கள், அவற்றின் மேல் சுருட்டி வைத்த பாய்கள். மூலையில் மரப்பெட்டி, அதைச் சுற்றி ரசகற்பூர உருண்டைகள். ஆச்சி படுத்திருந்தது அவர் மாமனார் காலத்து இலவம்பஞ்சு மெத்தையில். ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் கொக்கி போட்டு மூடியிருந்தது. "காத்துல பரவுதுன்னு சொன்னாகளே" என்றார். பேரன் போனைத் திருப்பும்போது விளக்கொளியில் தூசி மினுங்குவது திரையிலேயே தெரிந்தது.

தினமும் உறிஞ்ச வேண்டிய பம்ப் (இன்ஹேலர்) எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"அது ஸ்டீராய்டாமே தம்பி. எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுரும்னு வாட்ஸாப்புல போட்டிருந்தாக. நிப்பாட்டிட்டேன்."

ஆச்சிக்கு வந்தது கொரோனா இல்லை, பழைய ஆஸ்துமாவேதான். மருந்தை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே அதிகத் தூசி இருக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தார். வெளியே இருக்கும் ஒரு கிருமிக்குப் பயந்து, உள்ளே இருக்கும் நோய்க்கு விருந்து வைத்த கதை. அந்த ஆண்டு இப்படிப் பலரைப் பார்த்தேன். 2025 மே, ஜூன் மாதங்களில் மறுபடியும் கொரோனா எண்ணிக்கை ஏறியபோது 'ஆஸ்துமா இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளவா?' என்ற கேள்வி அதே பயத்தோடு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆச்சி ஏன் அறைக்குள் போனார்? சிங்கப்பூரிலிருந்து மகன் குடும்பம் வந்திருந்தது, சர்வதேச விமானங்கள் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பு. அன்றைய விதிப்படி 14 நாள் ஒதுங்கியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் நம் ஊரில் அது நடக்குமா? "வெளிநாட்டுலேருந்து வந்த புள்ளையைப் பின்கட்டுல உக்கார வச்சுட்டு நான் முகப்புல இருக்கவா?" என்று கேட்டார். மகனும் மருமகளும் வளவில், அதாவது நடு முற்றத்தில், நடமாட, ஆச்சி இருட்டுக்குள் போயிருந்தார்.

அன்றே ஆளை மாற்றினோம். ஆச்சி முகப்பை ஒட்டிய, இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறைக்கு. மகன் குடும்பம் மாடிக்கு, சாப்பாடும் அங்கேயே. தினசரி பம்ப்பைத் திரும்பத் தொடங்கினார். நான்கைந்து நாளில் ராத்திரி இழுப்பு குறைந்தது, இரண்டாவது வாரம் நின்றுவிட்டது.

செட்டிநாட்டு வீடுகள் காற்றுக்காகவே கட்டப்பட்டவை. முகப்பில் நின்றால் நேர்க்கோட்டில் பின்வாசல் தெரியும், நடுவில் வளவு வானம் பார்த்துத் திறந்திருக்கும். தொற்றுக் காலத்தில் ஒரு வீடு இதைவிட நன்றாக அமைய முடியாது. ஆனால் அதே வீட்டில் பங்குக்கு வந்த அறைகள் வருஷத்துக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோதான் திறக்கும். ஒட்டடை, பூஞ்சை, வௌவால் எச்சம், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி எல்லாம் உள்ளேதான் இருக்கும். ஊரடங்கில் சென்னையிலிருந்து வந்து பூட்டிய வீட்டைத் திறந்த குடும்பங்களில், குழந்தைகளுக்கு முதல்முறையாக வீசிங் வந்ததையும் பார்த்தேன்.

இந்தக் குழப்பத்தில் நம் சொல்லுக்கும் பங்கு இருக்கிறது. 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லை மூன்று விஷயத்துக்குப் பயன்படுத்தினோம். நோய் வந்தவரை ஒதுக்கி வைப்பது ஐசோலேஷன். வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுபவரைக் காத்திருக்க வைப்பது குவாரண்டைன். நோய் வந்தால் தாங்கமாட்டார் என்பவரை முன்கூட்டியே காப்பது ஷீல்டிங். ஆஸ்துமாக்காரரின் கேள்வி இந்த மூன்றாவதைப் பற்றியது. ஆனால் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, தெருவைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்தபின் அந்தச் சொல்லுக்கே ஒரு அவமானம் ஒட்டிக்கொண்டது. வழக்கமான ஆஸ்துமா இருமலைக்கூட அடக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் உண்டு.

பிரிட்டனில் 2020 மார்ச்சில், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் 12 வாரம் வீட்டைவிட்டு வராதீர்கள் என்று அரசே கடிதம் அனுப்பியது. சாதாரண ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தக் கடிதம் போகவில்லை, கூடுதல் கவனம் போதும் என்றார்கள். இந்தியாவில் 2021 மார்ச் 1-ல் 45 வயதுக்கு மேற்பட்ட இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதும் கிட்டத்தட்ட இதே பிரிவினைதான். கடந்த இரண்டு ஆண்டில் மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடுமையான நுரையீரல் நோய் இருந்திருந்தால்தான் பட்டியலில் இடம். வெறும் ஆஸ்துமா என்றால் இல்லை. பலர் என்னிடம் சண்டை போட்டார்கள். உண்மையில் அது அவர்களுக்கு நல்ல செய்தி.

ஏனென்றால் வூஹானிலிருந்து வந்த முதல் அறிக்கைகளிலேயே, மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடையே ஆஸ்துமாக்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தார்கள். சளிக்கிருமி எதுவானாலும் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்று படித்த எங்களுக்கு அது ஆச்சரியம். ஒவ்வாமை வகை ஆஸ்துமாவில், அந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி மூச்சுக்குழாயில் குறைவாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் தெளிந்தது இது: ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்தால் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை. சமீபத்தில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்குத்தான் கூடியது.

ஆகவே கதவைப் பற்றி யோசிப்பதற்கு முன் என் அறையில் நான் கேட்பது நான்கு கேள்விகள். கடந்த நான்கு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுப்போ இருமலோ வந்ததா? ராத்திரி மூச்சு முட்டி ஒருநாளாவது எழுந்தீர்களா? பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அவசர பம்ப்பை வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் எடுத்தீர்களா? மாடி ஏறவோ கோயிலைச் சுற்றவோ முடியாமல் நின்றீர்களா? நான்குக்கும் 'இல்லை' என்றால் நோய் உங்கள் கைக்குள் இருக்கிறது. கூட்டத்தைத் தவிருங்கள், முகக்கவசம் போடுங்கள், வேலைக்குப் போங்கள். மூன்று நான்கு 'ஆமாம்' வந்தால் முதலில் என்னிடமோ உங்கள் டாக்டரிடமோ வாருங்கள். வீட்டில் பூட்டிக்கொண்டு அந்த இழுப்போடு உட்காராதீர்கள்.

கட்டாயம் ஒதுங்கியிருங்கள் என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு மூன்று முறை எடுக்க நேர்ந்தவர், அதிக அளவு பம்ப்போடு இன்னொரு மருந்தும் தேவைப்படுபவர், ஆஸ்துமாவோடு வயதும் சர்க்கரையும் சேர்ந்தவர். நம் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. விறகடுப்பில் முப்பது நாற்பது வருஷம் ஊதிய பெண்களும், சீமைக் கருவேல மரத்தில் கரிமூட்டம் போட்டவர்களும். ஆஸ்துமா என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், ஊதிப் பார்த்தால் நுரையீரல் பாதிதான் இருக்கும். அது சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவர்களுக்குக் கொரோனா நிஜமாகவே பெரிய எதிரி.

இனி அந்த ஸ்டீராய்டு பயம். இதில்தான் நான் அதிகம் கோபப்படுவேன். பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு பம்ப்பில் ஒரு அடிக்கு 200 மைக்ரோகிராம் என்றால், காலை இரண்டு, மாலை இரண்டு சேர்த்து 800 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இழுப்பு முற்றி வந்தால் நாங்கள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை வைத்து நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஒன்று நேராக மூச்சுக்குழாய்க்குள் போகிறது, மற்றது உடம்பு முழுக்க ஓடுகிறது. பம்ப்பை நிறுத்தினால் கடைசியில் மாத்திரையில்தான் வந்து நிற்பீர்கள். எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பும் குறையும்.

வேடிக்கை என்னவென்றால், 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று, கொரோனா தொடக்கத்திலேயே இந்த பியூடசோனைடை உறிஞ்சியவர்களுக்கு அவசர சிகிச்சை குறைவாகத் தேவைப்பட்டது என்று சொல்லியது. இரண்டாம் அலையில் இந்திய வழிகாட்டுதலிலேயே அது சேர்ந்தது. ஒரு வருஷம் முன்பு பயந்து தூக்கிப்போட்ட அதே பம்ப்புக்கு, ஆஸ்துமாவே இல்லாதவர்கள் மருந்துக்கடையில் வரிசையில் நின்றார்கள். என் நோயாளிகளுக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஒதுங்க அறையே இல்லாதவர் என்ன செய்வார்? ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் வண்ணக் கல் செய்யும் ஒருவர் வருவார், முப்பத்தெட்டு வயது. ஒரே அறை வீட்டில் ஐந்து பேர். கண்ணாடிமேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்து தூவுவார்கள். அந்தத் தூவும் நிமிஷத்தில்தான் அவருக்கு நெஞ்சு இறுகும். ஊரடங்கு தளர்ந்து பட்டறை திறந்ததும், "வேலைக்குப் போகவா, வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்" என்று வந்து நின்றார். நான்கு கேள்வியும் கேட்டேன், கட்டுப்பாட்டில்தான் இருந்தது. போகச் சொன்னேன். முதலாளியிடம் கேட்டு, தூவுகிற இடத்திலிருந்து ஊற்றுகிற இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றேன். முகக்கவசம் கொரோனாவுக்கும் ஆச்சு, சிமெண்டுக்கும் ஆச்சு. "இத முன்னாடியே போட்டிருக்கலாம் போல சார்" என்று பின்னால் சொன்னார்.

பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குடுவையான ஸ்பேசர் வாங்க அவரிடம் காசில்லை. வீட்டில், மருந்தைப் பனிபோல ஆக்கித் தரும் நெபுலைசர் கருவியை வைத்தால் நோயாளி விடும் காற்றில் கிருமித் துளிகள் பரவலாம் என்பதால், அப்போது பம்ப்பையும் ஸ்பேசரையும்தான் பயன்படுத்தச் சொன்னோம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். கம்பியை பம்ப் வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, பாட்டிலின் அடியில் அழுத்தினால் அளவாக ஓட்டை விழும். பம்ப் இறுக்கமாக நுழைய வேண்டும், இடைவெளி இருந்தால் பசை வைத்து அடைக்கலாம். பாட்டிலின் வாய்தான் உங்கள் வாய்க்கு. சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளை வைத்துச் சோதித்து, 1999-லேயே இது கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

ஒதுங்கியிருப்பதால் நன்மையே இல்லையா? இருக்கிறது. 2020-ல் பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள் குறைந்தார்கள். பள்ளிக்கூடச் சளி இல்லை, எல்லோர் முகத்திலும் கவசம். என்னிடமும் அந்த ஐப்பசி கார்த்திகையில் கூட்டம் இல்லை. ஆனால் அதே மாதங்களில் சர்க்கரை ஏறி, கால் வீங்கி, யாரோடும் பேசாமல் சுருங்கிப் போன முதியவர்களையும் பார்த்தேன்.

எந்த ஊரடங்காக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறது, அவசர பம்ப்பை ஸ்பேசரில் நான்கிலிருந்து பத்து அடி வரை எடுத்தும் இருபது நிமிஷத்தில் தணியவில்லை. இவற்றில் ஒன்று போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா பிடிக்கும்' என்று வீட்டிலேயே தாமதித்து, வரும்போதே கண் சொருகிய நிலையில் வந்த ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆச்சி நன்றாக இருக்கிறார். இப்போது சென்னையில் மகள் வீட்டில். தை மாதம் ஊர் வீட்டில் பேத்தி கல்யாணம் என்று மகன் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தார், என்ன செய்ய வேண்டும் என்று. ஒரு வாரம் முன்பே வீட்டைத் திறந்து ஜன்னலெல்லாம் விரித்து வையுங்கள், விளக்குமாறு போடாமல் ஈரத் துணியால் துடையுங்கள், ரசகற்பூரம் வேண்டாம், உங்கள் ஆத்தா கடைசியில் வரட்டும், அந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடுங்கள் என்று பதில் அனுப்பினேன்.

உடனே மறுபதில் வந்தது: "மெத்தை எங்க ஐயாவோடது டாக்டர். அதை மட்டும் வச்சுக்கலாமா?"

இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஆத்தா படுக்கும் அறைப் பக்கமே வராமல் மாடியில் வையுங்கள் என்றேன்.