ஷெல்ஃபிஷ்: சிப்பியா, மட்டியா, ஆளியா?

'ஷெல்' என்றால் ஓடு, 'ஃபிஷ்' என்றால் மீன். ஆனால் ஷெல்ஃபிஷ் என்ற பெயருக்குள் அடங்கும் எதுவும் மீன் அல்ல. முற்கால ஆங்கிலத்தில் நீரில் வாழும் எதையும் 'ஃபிஷ்' என்பார்கள். அந்த வழக்கு இந்தச் சொல்லில் தங்கிவிட்டது. நண்டு, இறால், சிங்கி இறால் ஆகியவை கணுக்காலிகளின் கூட்டம். சிப்பி, மட்டி, ஆளி, சங்கு ஆகியவை மெல்லுடலிகள். உறவு முறையில் இரண்டும் வெகு தூரம். சமையலறை வசதிக்காக ஒரே பெயரில் சேர்த்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

தொல்காப்பியம் இவற்றைப் பிரித்தே பார்த்தது. உயிர்களை அவற்றின் அறிவுகளின் (புலன்களின்) எண்ணிக்கையால் வகுக்கும் மரபியலில் "நந்தும் முரளும் ஈரறி வினவே" என்று ஒரு வரி. "நண்டும் தும்பியும் நான்கறி வினவே" என்று இன்னொரு வரி. நந்து என்பது சங்கு, நத்தை வகை. முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சல் என்று உரை சொல்கிறார்கள். நண்டு அந்த வரிசையிலேயே இல்லை, தும்பியோடு போய் நிற்கிறது. நண்டும் தும்பியும் இரண்டுமே கணுக்காலிகள் என்பதை இன்றைய உயிரியலும் ஒப்புக்கொள்ளும்.

இந்தப் பெயர்க் குழப்பம் இப்போது எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்துவிட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்கள் இப்போது சொகுசுக் கப்பலில் ஏறத் தொடங்கியிருக்கின்றன. அதற்கு முன்பிருந்தே எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் அந்தக் கப்பல்களின் அடுக்களையில் வேலை பார்க்கிறார்கள். இரவுச் சாப்பாட்டு அட்டையில் 'மஸ்ஸல்ஸ்' என்று கண்டு தயங்குகிற பெரியவரிடம் பரிமாறுகிற குளச்சல் பையன், "இது நம்ம சிப்பிதான் மாமா. தேங்காய்க்குப் பதிலா வெண்ணெயும் பூண்டும், கொஞ்சம் ஒயினும். பயப்படாம சாப்பிடுங்க" என்று சொன்னால் போதும், தட்டு காலியாகிவிடும். சரியான தமிழ்ச் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அதுதான்.

மஸ்ஸல் என்பது லத்தீனின் 'முஸ்குலுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குச் சிறிய எலி என்று பொருள். தசையைக் குறிக்கும் 'மஸில்' என்பதும் அதே வேர்தான். தமிழில் நேர்ச்சொல் சிப்பி. பழைய வடிவம் இப்பி. மலையாளத்தில் சிப்பி, தெலுங்கில் சிப்ப, பிராகிருதத்திலும் சிப்பி. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் சிப்பி என்றதும் முத்தோ மணலில் பொறுக்கிய ஓடோதான் நினைவுக்கு வரும். குளச்சலிலிருந்து விழிஞ்ஞம் வரை அது சாப்பாடு. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது விழிஞ்ஞம் கேரளத்திலும் குளச்சல் தமிழ்நாட்டிலும் போயின. பாறையில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிப்பிக்கு இரண்டு கரையிலும் பெயர் மாறவில்லை. வடக்கே மலபாருக்குப் போனால்தான் அது கல்லும்மக்காய், தலச்சேரியில் கடுக்கா. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பச்சை ஓட்டுச் சிப்பி. அரிசிமாவை உள்ளே நிறைத்து அவித்துப் பொரிப்பார்கள்.

கப்பலில் சிப்பியை ஓட்டோடு வைப்பார்கள், அடியில் நிற்கும் சாற்றைத் தொட்டுக்கொள்ள ரொட்டி தருவார்கள். எங்கள் வீடுகளில் அவித்து, ஓடு திறந்ததும் சதையை எடுத்து, பாறையைப் பிடித்துக்கொள்ளும் நாரை இழுத்து எறிந்துவிட்டு, தேங்காய்ப் பல்லும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறுப்போம். வேகவைத்தும் திறக்காததை இரண்டு இடத்திலும் எறிந்துவிடுவார்கள். ஒரே கிண்ணத்தில் சில சதை வெளிறியும் சில ஆரஞ்சு நிறத்திலும் இருந்தால் கெட்டுவிட்டதோ என்று சிலர் ஒதுக்குகிறார்கள். வெளிறியது ஆண், ஆரஞ்சு பெண். இரண்டும் நல்லதுதான்.

'க்ளாம்' வந்தால் தமிழில் மட்டி. இந்தச் சொல்லை எங்கள் ஊரில் விளக்காமல் பயன்படுத்த முடியாது. இங்கே மட்டி என்றால் முதலில் வாழைப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி. அதனால் 'கடல் மட்டி' என்றோ 'காயல் மட்டி' என்றோ சொல்வது நல்லது. மலையாளத்தில் கக்கா. கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் கக்காதான் 2014-இல் எம்.எஸ்.சி. என்ற உலக அளவிலான நிலைத்த மீன்பிடிச் சான்றைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடி அது.

'ஆய்ஸ்டர்' என்பதை முத்துச்சிப்பி என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. தவறு, மாற்றவேண்டிய தவறு. தூத்துக்குடியில் முத்துக்காகக் குளித்தெடுத்தது வேறு இனம். எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்கத் தருவது வேறு குடும்பம். உண்ணும் இனத்துக்குத் தமிழ் மீனவர் சொல் ஆளி, மலையாளத்தில் முரிங்ஙா. கிரேக்க 'ஆஸ்ட்ரியான்' வழியாக வந்த ஆங்கிலச் சொல்லுக்கு எலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவு உண்டு. ஓட்டின் கடினம்தான் பெயராயிற்று.

லாப்ஸ்டரின் மூலமான லத்தீன் 'லோகுஸ்டா' வெட்டுக்கிளியையும் குறித்தது. தமிழில் சிங்கி இறால். நம் கடலில் கிடைக்கும் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, முள் நிறைந்த நீண்ட மீசைதான். அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வரும் லாப்ஸ்டருக்கு இரண்டு பெரிய கொடுக்கு இருக்கும். அதை உடைக்கக் கப்பலில் தனி இடுக்கி தருவார்கள். அதைக் 'கொடுக்குச் சிங்கி' என்று பிரித்துச் சொல்லலாம். எல்லையைத் தாண்டினால் இறால் செம்மீனும் கொஞ்சுமாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். புறநானூற்றின் 60-ஆம் பாட்டில் வரும் செம்மீன் வானத்துச் செந்நிற மீன். மலையாளத்தில் அதே சொல் குழம்புச் சட்டிக்குள் வந்துவிட்டது.

ஸ்காலப் என்ற இரு ஓட்டுச் சிப்பி வகைக்கு எங்கள் சந்தையில் பெயர் இல்லை. தட்டில் வெள்ளையாக, வட்டமாக வருவது முழு உயிரும் அல்ல. இரு ஓட்டையும் இறுக்கி மூடும் தசை மட்டும். ஓட்டின் வரிகளைப் பார்த்து 'விசிறிச் சிப்பி' என்று வைக்கலாம் என்பது என் விருப்பம்.

மொத்தமாக ஷெல்ஃபிஷ் என்பதற்கு 'ஓட்டுமீன்' என்று நேர்பெயர்ப்பதைவிட 'ஓடுடைய கடலுணவு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மீன் அல்லாததை மீன் என்று சொல்லவேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. ஆனால் ஒவ்வாமை பற்றிக் கப்பலில் கேட்கும்போது இந்தப் பொதுச்சொல் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம் அறிவிக்கவேண்டிய 14 ஒவ்வாமை உணவுகளில் இறால் நண்டு இனம் தனி, மெல்லுடலிகள் தனி. அமெரிக்காவின் 2004-ஆம் ஆண்டு உணவு ஒவ்வாமைச் சட்டமோ இறால் நண்டு இனத்தை மட்டுமே குறிக்கிறது. எனவே "எனக்கு இறாலும் நண்டும் ஆகாது" அல்லது "சிப்பி வகை ஆகாது" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சிப்பி ஆகாதவர்கள் கணவாயையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வெளியே ஓடு இல்லாவிட்டாலும் அது மெல்லுடலிதான். உள்ளே ஓடு வைத்திருக்கும் வகையை நம் மீனவர்கள் ஓட்டுக்கணவாய் என்றே அழைக்கிறார்கள்.