மூன்று வருடம் படித்தான், பட்டம் இல்லை

ஈரோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு கோபி பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவனைப் பார்த்தேன். பியூரெட்டில் நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டை அவனைப் போலச் சரியாக நிறுத்தியவர்கள் என் வகுப்புகளில் குறைவு. அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன்.

"என்ன பண்றே கண்ணு?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க சார். அலைடு மேத்ஸ் ஒண்ணு நின்னு போச்சுங்க."

அலைடு மேத்ஸ் என்பது வேதியியலோடு கூடவே படிக்க வேண்டிய துணைக் கணிதப் பாடம். அதில் ஒரு தாள் தேறவில்லை. மூன்று வருடம் வந்தான், ரெக்கார்டு நோட்டெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினான். பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. ஊரில் கேட்டால் பிஎஸ்சி முடித்தவன் என்பார்கள்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு வருவோர் விகிதம் 47 சதவீதம். நாடு முழுதும் சேர்த்தால் 28.4தான். பெருமைப்பட வேண்டிய விஷயம். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருக்களிலிருந்து வரும் முகங்கள் என் வகுப்பில் கூடியிருக்கின்றன. ஆனால் இதெல்லாம் வாசலுக்குள் வந்தவர்கள் கணக்கு. வந்தவர்களில் யார் பட்டத்தோடு போனார்கள், யார் தேறாத தாளோடு, அதாவது அரியரோடு போனார்கள் என்று எங்கள் துறையில் ஒரு நோட்டுகூட இல்லை. துறைக் கூட்டத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். அட்மிஷன் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

இந்தப் பிள்ளைகள் சிக்குவது முதல் செமஸ்டரில். வேதியியல் எடுத்தவர்களை வேதியியல் சாய்ப்பதில்லை, அலைடு மேத்ஸ்தான் சாய்க்கிறது. பிளஸ் டூவில் கணிதமே இல்லாத பிரிவில் படித்துவிட்டு வருகிறார்கள். கணிதம் படித்தவர்களும் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். வகைக்கெழு என்றால் போட்டுக் காட்டிவிடுவான். டெரிவேட்டிவ் என்று கரும்பலகையில் எழுதினால் அது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்கிறான். கேட்கக் கூச்சம். இன்டர்னலில் மார்க் போகிறது, அப்புறம் செமஸ்டரும் போகிறது. வீட்டில் சொல்வதில்லை.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இங்கே படிப்பை விட்ட பையன் சும்மா இருக்க வேண்டியதில்லை. கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வருகிறது, சனிக்கிழமை சம்பளம் கையில் விழுகிறது. அரியர் விழுந்த பையனுக்கு அந்த வேன் எவ்வளவு நிம்மதியாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இந்த இரண்டு அரசுத் திட்டங்களிலும் வரும் மாதம் 1000 ரூபாய் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் நிஜமாகவே உதவுகிறது. எங்கள் மாவட்டத்துப் பர்கூர் மலைப் பிள்ளைகள் பாடு இன்னும் கடினம். சேலத்திலும் தருமபுரியிலும் மலையாளி என்ற மலைவாழ் மக்கள் (கேரளத்தவர் அல்ல) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தோடு இருந்தது, மலையாளிகளைப் பழங்குடியாக ஏற்கும் மாவட்டங்களின் பட்டியலில் கோவை இல்லை. அதனால் அதே மக்களுக்கு இங்கே பழங்குடிச் சான்று இல்லை, அதையொட்டி வரும் உதவித்தொகையும் இல்லை. பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் என் கண்ணைத் திறந்தது வேறொன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மேன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். அக்கறை இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வசதி இல்லை என்று சக ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். எதுவும் நிற்கவில்லை. மாணவர்கள் தங்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் படித்தார்கள், ஆனால் தனியாக. சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்தினார்கள். அவர் 'பின்தங்கியோர் வகுப்பு' நடத்தவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போடவைத்தார். தேர்ச்சி நன்றாகவே கூடியது.

இதைப் படித்த பிறகுதான் என் வகுப்பையே கவனித்தேன். நம் ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதில் தெருவும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பழைய கேள்வித்தாளும் சீனியர் நோட்டும் சொந்தக்காரர் வழியாக ஒரு வாட்ஸப் குழுவில் சுற்றும். அந்தக் குழுவில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவனைப் போன்ற பையன் இல்லை. லேபிலும் யாரும் ஜோடி சேர்க்காமல் கடைசி மேசையில் நிற்பான்.

இப்போது லேப் ஜோடியை மாணவர்கள் விருப்பத்துக்கு விடுவதில்லை, நானே போடுகிறேன். முதல் இன்டர்னல் முடிந்த வாரமே கணக்கில் தடுமாறியவர்களையும் நன்றாகப் போட்டவர்களையும் சேர்த்து ஒரு மேசையில் உட்கார வைக்கிறோம். கணிதத் துறை நண்பர் ஒருவர் வாரம் இரண்டு மாலை வருகிறார். தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார். கணக்கு மட்டும் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கடினமாகவே இருக்கும். சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், அதற்குள் பையன் மனதளவில் வேனில் ஏறியிருப்பான்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்தவனுக்கு அரியர் எழுத இன்னும் வாய்ப்பு இருந்தது. அப்ளிகேஷன் போட்டாகிவிட்டது. ஞாயிறு கம்பெனி லீவு, காலை பஸ்ஸில் வந்துவிடுகிறான். போன வாரம் தொகையிடல் தொடங்கினோம். "இதைத்தாங்க சார் இண்டகிரேஷன்னு சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, நான்கு கணக்கை யாரையும் கேட்காமல் போட்டான்.