கோவர்ட் ஆபரேஷன்: ஒளிப்பது வேறு, கரப்பது வேறு

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் எடுத்துக்கொண்டது ஒரு அரசியல் திரில்லர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. ஒரு பயங்கரவாதக் குழு, அதை வேரறுக்கக் கிளம்பும் உளவு அமைப்பு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஒரு மந்திரி. ஒன்பது பேர் வந்திருந்தோம். அதில் நான்கு பேருக்குப் பிடித்திருந்தது, மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை, இரண்டு பேர் படிக்கவில்லை. வழக்கமான கணக்குதான்.

பிடிக்காத மூவரில் ஒருவர் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறவர். அவர் சொன்னார்: “ஒரே பக்கத்துல மூணு தடவை ‘இது ரகசிய நடவடிக்கை’ன்னு வருது. அடுத்த அத்தியாயத்துல துறைமுகத்துல குண்டு வெடிச்சு ஊரே கூடி நிக்குது, டிவியில காட்டறான். இதுல என்ன சார் ரகசியம்? எழுதினவருக்கு முன்னாடி எழுதினதே ஞாபகம் இல்லை.” ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த ஆசிரியை, “அதை மறைமுக நடவடிக்கைன்னு மொழிபெயர்த்திருக்கணும் சார், அப்ப சரியா வந்திருக்கும்” என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

எனக்குத்தான் டீ இறங்கவில்லை. இந்த ‘மறைமுக நடவடிக்கை’யைத் தொலைக்காட்சி விவாதங்களிலும், கட்டுரைகளிலும், சப்டைட்டிலிலும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அன்று அந்த நாவலாசிரியர் செய்யாத பிழைக்கு மதிப்பெண் இழந்ததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘ரகசிய நடவடிக்கை’ என்றும் ‘மறைமுக நடவடிக்கை’ என்றும் பெயர்க்கப்படுவது ஆங்கிலத்தின் ‘கோவர்ட் ஆபரேஷன்’ (covert operation). முதலில் அந்தக் ‘கோவர்ட்’ என்ற சொல்லின் பிறப்பு. கோவர்ட் என்றும் கவர்ட் என்றும் உச்சரிப்பார்கள். லத்தீனில் முழுக்க மூடுவதைக் குறித்த ஒரு வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மூடப்பட்டது’ என்று பொருள். கடையில் “ஒரு கவர் குடுங்க” என்று கேட்கிறோமே, அந்தக் கவரும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிறப்பு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் உளவுத் துறைக்குள் நுழைந்ததும் அந்தச் சொல் வேறு பொருளைப் பூசிக்கொண்டது.

அந்தப் பொருளுக்குத் தேதியே இருக்கிறது. 1948 ஜூன் 18 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றம் 10/2 என்ற எண்ணில் ஓர் ஆணை பிறப்பித்தது. கோவர்ட் ஆபரேஷன் என்றால் என்ன என்று அதில் எழுதி வைத்தார்கள். சாரம் இது: செயலுக்குப் பின்னால் அமெரிக்க அரசு இருப்பது வெளியாருக்குத் தெரியக்கூடாது. அப்படியே அம்பலமானாலும், ‘எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று நம்பும்படி கைவிரிக்க முடிய வேண்டும். 1991-இல் வந்த சட்டத்தின் வரையறையும் இதையொட்டித்தான்: அரசின் பங்கு வெளிப்படவும் கூடாது, அரசு அதை ஒப்புக்கொள்ளவும் கூடாது. செயல் யாருக்கும் தெரியக்கூடாது என்று இரண்டிலும் இல்லை. குண்டு வெடிக்கலாம், ஆட்சி கவிழலாம், செய்தித்தாளில் எட்டுப் பத்தி வரலாம். ஏவியவன் யார் என்பது மட்டும் வரக்கூடாது.

செயலே தெரியக்கூடாது என்றால் அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது: கிளான்டெஸ்டைன். எதிரியின் அலுவலகத்தில் ஒட்டுக்கேட்பு கருவியைச் சுவருக்குள் வைத்துவிட்டு, பூச்சு பூசி, வெள்ளையடித்துவிட்டு வருவது அந்த வகை. வைத்தது தெரிந்தால் காரியம் கெட்டது. இதைத் தமிழில் ரகசிய நடவடிக்கை என்று தாராளமாகச் சொல்லலாம். தனித்தமிழ் வேண்டுமென்றால் கமுக்க நடவடிக்கை. ‘கமுக்கமா இருந்து காரியத்தை முடிச்சுட்டான்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். அமெரிக்கப் படைத்துறை அகராதி இரண்டு சொற்களையும் தனித்தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே ரகசியத்துக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். பென்சில்காரர் ஏமாந்தது அந்த முடிச்சில்தான்.

ஒரு நிஜ நிகழ்ச்சியைப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1985 ஜூலை 10, நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகம். பிரான்ஸ் மொருரோவா தீவில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துக் கிளம்பவிருந்த கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல் நின்றிருந்தது. நள்ளிரவு நெருங்கும் வேளையில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள். கப்பல் நின்ற இடத்திலேயே மூழ்கியது. ஃபெர்னாண்டோ பெரேரா என்ற புகைப்படக்காரர் உள்ளே சிக்கி இறந்தார். செயல் எப்படி? உலகத்துக்கே கேட்டது. ஏவியவர் யார்? பிரான்ஸ் எங்களுக்குத் தெரியாது என்றது. ஆனால் படகுத் திருட்டுக்குப் பயந்து கரையில் காவல் இருந்த உள்ளூர்க்காரர்கள், சந்தேகப்படும்படி நின்ற ஒரு வாடகை வேனின் எண்ணைக் குறித்து வைத்திருந்தார்கள். வேனைத் திருப்பிக் கொடுக்க வந்த ‘சுவிஸ் தம்பதி’ மாட்டிக்கொண்டது. அவர்கள் சுவிஸும் இல்லை, தம்பதியும் இல்லை, பிரெஞ்சு உளவுத் துறை அதிகாரிகள். அதன் பிறகும் பாரிஸ் இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை இல்லை என்றது. செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஷார்ல் எர்னு பதவி விலகினார். செப்டம்பர் 22 அன்று பிரதமர் லோரான் ஃபாபியூஸ், செய்தது எங்கள் ஆட்கள்தான், உத்தரவின் பேரில்தான் செய்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். அந்த நிமிடம்வரை அது கோவர்ட் ஆபரேஷன். ஒப்புக்கொண்டதும் வெறும் ஆபரேஷன்.

இப்போது ‘மறைமுக’ கட்சிக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால், சொல்லைப் பிரித்துப் பார்க்கையில் அது பிரமாதமான சொல். மறை, முகம். செய்தவன் முகம் மறைந்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும் என்று நானே ஒரு காலத்தில் நினைத்தவன்தான். பிரச்சினை என்னவென்றால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. தமிழில் மறைமுகம் என்றால் ‘நேரடி அல்லாத’ என்று பொருள் நிலைத்துப் பல காலம் ஆகிவிட்டது. மறைமுக வரி என்றால் யாரோ ஒளிந்துகொண்டு வசூலிக்கும் வரியா? ஓட்டல் ரசீதில் ஜிஎஸ்டி என்று தனி வரியாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மேயரை மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் முகமூடி போட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று யாராவது நினைப்பார்களா? மக்கள் தேர்ந்த கவுன்சிலர்கள் மேயரைத் தேர்கிறார்கள், அவ்வளவுதான். ‘மறைமுகமாகக் குத்திக்காட்டினார்’ என்றால்கூட, குத்தியது யார் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரைக் குத்தினார் என்பதுதான் சுற்றிவளைத்து வருகிறது.

ஆகவே ‘மறைமுக நடவடிக்கை’ என்று படிக்கும் வாசகர் மனதில் எழுவது, நேராகப் போகாமல் சுற்றி வளைத்து எடுக்கும் நடவடிக்கை. பொருளாதாரத் தடை மாதிரி, விசா மறுப்பது மாதிரி. கப்பலின் அடியில் குண்டைக் கட்டி வெடிக்க வைப்பதைவிட நேரடியான காரியம் உலகத்தில் உண்டா? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இன்னொருவனைச் சண்டைக்கு விட்டு நாம் பின்னால் நிற்பதையும் மறைமுகப் போர் என்று எழுதுகிறார்கள். பிராக்ஸி எனப்படும் இந்தப் பதிலிப் போரில் பின்னால் நிற்பவன் யார் என்பது பெரும்பாலும் ஊரறிந்த சங்கதி. ஆயுதம் கொடுத்ததைப் பட்ஜெட்டிலேயே காட்டியவர்கள் உண்டு. ஒரே ‘மறைமுக’த்தின் தலையில் இண்டைரக்ட், பிராக்ஸி, கோவர்ட் மூன்றையும் ஏற்றினால் அது என்ன செய்யும், பாவம்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘மறை நடவடிக்கை’ என்று வைக்கலாம் என்றார். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ரகசியத்தை மறை என்றே சொல்கிறார், ஒற்றனுக்கு ஊரறியப் பரிசு கொடுத்தால் மறையை நீயே வெளியே போட்டதாகும் என்று. ஆதாரம் பலமானதுதான். ஆனால் இன்று மறை என்றால் ஒருவருக்கு வேதம், இன்னொருவருக்குத் திருகாணி. ‘மறை கழன்ற கேஸ்’ என்று பேசும் ஊரில் மறை நடவடிக்கை என்று தலைப்புப் போட்டால் என்ன ஆகும் என்று அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார்.

சரி, உன் சொல் என்ன என்பீர்கள். கரவு. கரவு நடவடிக்கை.

கரத்தல் என்றால் மறைத்தல் என்று அகராதி ஒரு சொல்லில் முடித்துவிடும். அங்கேதான் நழுவுகிறது. ‘இயல்வது கரவேல்’ என்று ஒன்றாம் வகுப்பில் கத்திக் கத்திப் படித்தோமே, அதற்கு என்ன பொருள்? கொடுக்க முடிந்ததை இல்லை என்று சொல்லாதே. பானையை மூடி வைப்பது மட்டும் கரத்தல் இல்லை, வாசலில் வந்து நிற்பவனிடம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதும் அதில் சேர்த்தி. வைத்துக்கொண்டே இல்லை என்பது. இரவச்சத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள்:

கரப்பவர்க்கு யாங்கொளிக்கும் கொல்லோ இரப்பவர்
சொல்லாடப் போஒம் உயிர்.

இல்லை என்ற சொல் கேட்டதுமே இரப்பவனுக்கு உயிர் போகிறது. அதைச் சொல்கிறவனுக்கு உயிர் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று கேட்கிறார். ஒரே அடியில் கரப்பும் வருகிறது, ஒளிப்பும் வருகிறது. இரண்டுக்கும் வேலை வேறு வேறு. ஒளிப்பது கண்ணில் படாமல் இருப்பது. கரப்பது கேட்டால் மறுப்பது. 1948-இல் வாஷிங்டனில் அத்தனை வாக்கியம் எழுதிக் கொண்டுவந்த பொருள் இந்த ஒற்றை வினைக்குள் தயாராக இருக்கிறது.

கரவுக்கு எதிராகவும் பேசலாம். வழக்கில் இல்லாத சொல், வஞ்சகம் என்ற வாடை அடிக்கிறது என்பார்கள். முதலாவது உண்மை. கணினியும் பேருந்தும்கூட ஒரு காலத்தில் வழக்கில் இல்லை. இரண்டாவதும் உண்மை. அது இருந்தால் என்ன? செய்கிற காரியம் அப்படித்தானே. உளவு அமைப்புகளுக்காக நாம் ஏன் சொல்லுக்குப் பவுடர் பூச வேண்டும்?

நாவலை எடுத்துக்கொண்டு யோசித்தபோது இன்னொன்றும் தோன்றியது. பழைய இலக்கணத்தில் வெட்சி என்று ஒரு திணை, பகைவர் ஆநிரையைக் கவர்வது. புறப்பொருள் வெண்பாமாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது: அரசன் ஏவிச் செய்தால் மன்னுறு தொழில், வீரன் தானாகச் செய்தால் தன்னுறு தொழில். ஏவியது யார் என்பதை வைத்துப் பெயரையே மாற்றியவர்கள் நம்மவர்கள். மன்னுறு தொழிலைத் தன்னுறு தொழில் என்று காட்டுவதுதான் கரவு. 1961 ஏப்ரலில் கியூபாவின் விமான தளங்கள்மீது குண்டு போட்டது கியூப விமானிகளே, மனம் மாறித் தப்பி வந்தவர்கள் என்று அமெரிக்கா கதை கட்டியது இதுதான். விமானங்களுக்குக் கியூப வண்ணம் பூசியிருந்தார்கள். மயாமியில் வந்திறங்கிய பி-26 விமானத்தின் மூக்கு மட்டும் கெட்டி உலோகம். கியூபாவிடம் இருந்தவற்றுக்குக் கண்ணாடிபோன்ற மூக்கு. மன்னுறு தொழில் மூக்கில் மாட்டிக்கொண்டது.

இந்த வகை நாவல்களைப் பெயர்ப்பவர்களிடம் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. அசெட் என்றால், அதாவது உளவு அமைப்புக்காக எதிரி இடத்தில் வேலை செய்கிற ஆள் என்றால், ‘சொத்து’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘பெய்ரூட்டில் எங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது’ என்று படித்தால் எனக்கு வில்லங்கச் சான்றிதழ்தான் ஞாபகம் வருகிறது. உள்ளாள் என்றால் போதும். அந்த ஆளை இயக்கும் அதிகாரியான ஹேண்ட்லரைக் ‘கையாள்’ என்று எழுதுவது அதைவிட மோசம். தமிழில் கையாள் என்றால் ஏவியதைச் செய்கிற ஆள். ஏவுகிறவனுக்கு ஏவப்பட்டவன் பெயரை வைத்தால் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே தலைகீழாகிறது. தீவிரவாதமும் பயங்கரவாதமும் அடுத்தடுத்த வரியில் மாறி மாறி வருவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாங்கள் படித்த வரலாற்றுப் பாடத்தில் மிதவாதிகள் ஒருபக்கம், தீவிரவாதிகள் ஒருபக்கம். திலகரும் வ.உ.சி.யும் அந்தத் தீவிரவாதிகள். பொதுமக்கள் நடுவே குண்டு வைப்பவனையும் அவர்களையும் ஒரே சொல்லில் நிறுத்துவதற்கு யாருக்கும் கை கூசவில்லை.

அடுத்த கூட்டத்தில் கரவைப் பற்றிச் சொன்னேன். ஆசிரியை ஏற்கவில்லை, மாணவர்களுக்குப் புரியாது என்றார். பென்சில்காரர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வாங்கி, தான் கோடு போட்ட பக்கத்தைத் திருப்பி, மூன்று இடத்திலும் ரகசியத்தை அடித்துவிட்டுக் கரவு என்று எழுதினார். அடுத்த அத்தியாயத்தை அங்கேயே உட்கார்ந்து ஒரு முறை படித்தார்.

“சரி சார், குண்டு வெடிச்சது சரியாத்தான் இருக்கு” என்றார். “ஆனா அந்த மந்திரி மூணாவது நாளே ஒத்துக்கறானே. கரக்கவே தெரியாதவன் எப்படி சார் மந்திரி ஆனான்?”

மதிப்பெண்ணை இரண்டரை ஆக்கினார்.