டிஸ்கோகிராஃபி: பாடல் பட்டியலா, இசையடைவா?

பிரிட்டிஷ் பாப் பாடகி அடெல் பற்றிய எந்த விரிவான கட்டுரையிலும் ஓர் அட்டவணை இருக்கும். இசைத்தொகுப்பின் (ஆல்பத்தின்) பெயர், வெளியான நாள், வெளியிட்ட நிறுவனம், பிரிட்டனில் எத்தனையாவது இடம், அமெரிக்காவில் எத்தனையாவது இடம், எத்தனை பிளாட்டினம் (குறிப்பிட்ட அளவு விற்றதற்கான சான்று) என்று வரிசையாகப் போகும். ஆங்கிலத்தில் அதற்குத் தலைப்பு டிஸ்கோகிராஃபி. தமிழில் எழுதும்போது 'பாடல்கள்' என்றோ 'பாடல் பட்டியல்' என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். அந்த அட்டவணை பாடல்களின் பட்டியலே இல்லை.

அடெல் பாடிப் புகழ்பெற்ற 'மேக் யூ ஃபீல் மை லவ்' பாட்டை எடுத்துக்கொள்வோம். அதை எழுதியவர் பாப் டிலன். 1997-லேயே அவர் குரலில் வந்துவிட்ட பாட்டு. ஆனாலும் 2008-ல் வந்த அடெலின் முதல் தொகுப்பான '19'-இல் அது இருக்கிறது, அவருடைய டிஸ்கோகிராஃபியிலும் தனி வரியாக இடம்பெறுகிறது. பாட்டு யாருடையது என்பது இங்கே கேள்வி இல்லை. எந்தக் குரல், எந்தப் பதிவு, எந்த வெளியீடு என்பதுதான் கேள்வி. டிஸ்கோகிராஃபி பதிவுகளின் கணக்கு.

சொல்லின் பிறப்பும் இதைத்தான் சொல்கிறது. கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்றால் விளையாட்டு வீரர்கள் வீசும் வட்டு. அது லத்தீனில் 'டிஸ்கஸ்' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'டிஷ்', 'டெஸ்க்' இரண்டும் அதே வேரில் கிளைத்தவை என்றால் நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 'கிராஃபியா' என்றால் எழுதுதல். பிப்ளியோகிராஃபி என்ற நூற்பட்டியலைப் பார்த்து டிஸ்கோகிராஃபி என்று இசைத்தட்டுக்கும் ஒரு சொல் கட்டிக்கொண்டார்கள். டிஸ்கோ ஆட்டமும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சில் 'பிப்ளியோதேக்' நூலகம், 'டிஸ்கோதேக்' இசைத்தட்டுகள் இருக்கும் இடம். தட்டு சுழன்ற இடத்தில் பிறகு ஆட்டம் வந்து சேர்ந்தது.

இந்தச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பாப் ரசிகர்கள் அல்லர், 1930-களின் ஜாஸ் சேகரிப்பாளர்கள். பாரிஸில் சார்ல் தெலோனே 1936-ல் 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்ற நூலை வெளியிட்டார். அப்படி ஒரு நூலுக்கு என்ன தேவை வந்தது? அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டு) ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் ஓடும். நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டில் பெரும்பாலும் குழுத்தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். டிரம்பெட் ஊதியது யார், பியானோ வாசித்தது யார் என்பதற்குத் தடயம் கிடையாது. ஒரே பாட்டை ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை பதிவு செய்து, ஒன்றை இப்போதும் இன்னொன்றைப் பிறகும் வெளியிடுவார்கள். வரிக்குழி முடிந்து சீட்டு தொடங்கும் இடைவெளியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது பதிவின் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் எது எந்தப் பதிவு என்று பிரித்தறிய முடியும். அந்த எண்ணையும் பதிவான நாளையும் வாசித்தவர்களின் பெயர்களையும் தேடித் தேடி எழுதி வைத்ததுதான் முதல் டிஸ்கோகிராஃபி. வெற்றி தோல்வி அதில் ஒரு பொருட்டே இல்லை.

பாப் இசைக்கு வந்தபோது கதை மாறியது. அட்டவணையில் யார் வாசித்தார்கள் என்ற பத்தி போய், எத்தனையாவது இடம் என்ற பத்தி வந்து உட்கார்ந்தது. இப்போது நாம் பார்க்கும் அட்டவணையில் பாதி டிஸ்கோகிராஃபி, பாதி சார்ட், அதாவது எது அதிகம் விற்றது என்ற வரிசைப் பட்டியல்.

இந்த 'சார்ட்' நமக்குப் பழகிய சொல்தான், வேறு பொருளில். பள்ளிக்கூடத்தில் சார்ட் பேப்பர், ரயில் பயணத்துக்கு முன்னால் "சார்ட் போட்டுட்டாங்களா?" என்ற விசாரிப்பு. பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'கார்ட்டா' ஆகி, கடைசியில் இங்கே வந்து நிற்கிறது. பிரிட்டனில் பாடல் விற்பனைக்கு முதல் சார்ட் 1952 நவம்பர் 14 அன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் வந்தது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது அதிகம் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு இடங்கள் என்று போட்டாலும், சில இடங்களில் சமநிலை வந்ததால் பதினைந்து தட்டுகள் இடம்பிடித்தன. முதலிடம் அல் மார்ட்டினோ என்ற அமெரிக்கருக்கு. ஒரு நாட்டின் ரசனையைச் சொல்லும் அதிகாரப் பட்டியல் பிறந்த விதம் அவ்வளவுதான்: ஒரு தொலைபேசி, ஒரு பென்சில், கடைக்காரர் சொன்ன வாய்வார்த்தை.

சார்ட்டுக்குத் தமிழில் 'தரவரிசை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரத்தை அங்கே யாரும் அளப்பதில்லை, விற்றதைத்தான் எண்ணுகிறார்கள். 'விற்பனை வரிசை' என்பது நேர்மையான சொல். இன்று விற்பனையோடு, ஸ்ட்ரீமிங் என்று இணையத்தில் ஓடவிட்டுக் கேட்கும் கேட்பும் சேர்ந்துவிட்டதே என்று கேட்டால், கேட்பையும் விற்பனையாக மாற்றித்தான் கணக்கில் எடுக்கிறார்கள். 2014 ஜூலையில் பிரிட்டனின் ஒற்றைப் பாடல் வரிசையில் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தபோது 100 கேட்பு ஒரு விற்பனைக்குச் சமம் என்று வைத்தார்கள். 2017-ல் அது 150 ஆயிற்று. அடுத்த ஆண்டு கட்டணம் கட்டிக் கேட்பவருக்கு 100, இலவசமாகக் கேட்பவருக்கு 600 என்று பிரித்தார்கள். ஆக, முதலிடம் என்ற சொல் மாறாமல் இருக்க, அதை எட்டும் வழி அடிக்கடி மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அடெலின் அட்டவணையில் இது நன்றாகத் தெரியும். தொகுப்புகளுக்கு வயதையே பெயராக வைத்தவர் அவர்: 2008-ல் '19', 2011-ல் '21', 2015-ல் '25', 2021-ல் '30'. (அடெலைப் போலவே லண்டனிலிருந்து வந்த ஈழத்தமிழ்ப் பின்னணிக் கலைஞர் எம்.ஐ.ஏ. தன் முதல் தொகுப்புக்கு அப்பாவின் பெயரால் 'அருளர்' என்றும், அடுத்ததற்கு அம்மாவின் பெயரால் 'கலா' என்றும் பெயரிட்டார். தொகுப்பின் பெயரில் சொந்தக் கதையை ஒளித்து வைப்பது அந்தத் தலைமுறைக்குப் பிடித்திருந்தது போலும்.) நான்கு தொகுப்புகளுக்கும் பிரிட்டன் பத்தியில் ஒரே எண்தான்: 1, 1, 1, 1. பார்த்தால் நான்கும் ஒரே அளவு வெற்றி என்று தோன்றும்.

உண்மை வேறு. '25' முதல் வாரத்தில் பிரிட்டனில் 8,00,307 பிரதிகள் விற்றது. அந்நாட்டு வரலாற்றிலேயே மிக வேகமாக விற்ற தொகுப்பு அது. அமெரிக்காவில் அதே வாரம் 33.8 லட்சம். 2000-ல் 'என்சிங்க்' குழு வைத்த 24.2 லட்சம் என்ற சாதனை தூள் தூளானது. ஸ்ட்ரீமிங் தளங்கள் எதிலும் அப்போது '25' கிடையாது. 2016 ஜூனில்தான் அங்கே வந்தது. எனவே அந்த எட்டு லட்சமும் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்கிய பிரதிகள். ஆறு ஆண்டு கழித்து '30' வந்தபோது முதல் வார எண்ணிக்கை சுமார் 2.61 லட்சம். அதற்கும் முதலிடம்தான்.

'21' இன்னொரு வகை. அதன் பெருமை வேகத்தில் இல்லை, நின்று ஆடியதில் இருக்கிறது. பிரிட்டனில் மொத்தம் 23 வாரம், அமெரிக்காவில் 24 வாரம் முதலிடம். பிரிட்டனில் தொடர்ந்து 11 வாரம் முதலிடத்தில் இருந்தபோது, தனிப் பாடகிகளில் மடோனா வைத்திருந்த ஒன்பது வாரச் சாதனை வீழ்ந்தது. பிரிட்டனில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. 2012-ல் ஒரே இரவில் ஆறு கிராமி. அட்டவணையில் இதற்கும் அதே '1'. உச்ச இடம் என்ற பத்தி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு மறைக்கவும் செய்கிறது.

அந்த '21' ஏறிய விதத்தையும் பார்க்க வேண்டும். 2011 பிப்ரவரி 15 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பிரிட் இசை விருது விழா. முன்னால் வந்தவர்கள் எல்லாம் ஆட்டமும் ஒளியுமாக மேடையை நிறைத்திருக்க, அடெல் ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்து 'சம்ஒன் லைக் யூ' பாடினார். முடிக்கும்போது குரல் உடைந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பத்துச் சொச்சமாவது இடத்தில் கிடந்த அந்தப் பாட்டு அடுத்த வரிசையில் நேராக முதலிடத்துக்கு வந்தது. அதே வாரம் பாடல் வரிசையின் முதல் ஐந்தில் அவருடைய பாடல்கள் இரண்டு, தொகுப்பு வரிசையின் முதல் ஐந்தில் அவருடைய தொகுப்புகள் இரண்டு. உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவருக்கு இப்படி அமைந்தது 1964-ல் பீட்டில்ஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

பத்திக்குப் பத்தி முரணும் உண்டு. 'ரோலிங் இன் த டீப்' அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம், சொந்த நாட்டில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. 'செட் ஃபயர் டு த ரெயின்' அமெரிக்காவில் முதலிடம், பிரிட்டனில் 11. ஆஸ்கர் வாங்கிய 'ஸ்கைஃபால்' அவருடைய நான்கு தொகுப்புகளில் எதிலும் இல்லை, ஒற்றையாக வந்து இரண்டாம் இடம் பிடித்தது. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த வரி மேலே முதலில் இருப்பது: 2007 அக்டோபரில் வந்த 'ஹோம்டவுன் குளோரி'. சின்ன நிறுவனம் ஒன்று ஏழு அங்குலத் தட்டாக 500 பிரதி மட்டும் போட்டது. தெலோனே காலத்துச் சேகரிப்பாளர் உயிரோடிருந்தால் முதலிடங்களை விட்டுவிட்டு இதைத்தான் தேடியிருப்பார்.

சரி, தமிழுக்கு வருவோம்.

'ஆல்பம்' என்றால் நம்மில் பலருக்கு முதலில் கல்யாண ஆல்பம்தான் நினைவுக்கு வரும். அது தவறும் அல்ல. லத்தீனில் 'அல்பஸ்' வெள்ளை, 'ஆல்பம்' அறிவிப்பு எழுதும் வெள்ளைப் பலகை. பிறகு படமோ அஞ்சல்தலையோ ஒட்டும் வெற்றுப் புத்தகம். 78 சுழற்சித் தட்டுகள் பலவற்றை உறைகளில் இட்டு, புத்தகம்போல் கட்டி விற்றபோது அதற்கும் அந்தப் பெயர் வந்தது. 1948-ல் கொலம்பியா நிறுவனம் நீளத்தட்டைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடக்கிய பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் 'இசைத்தொகுப்பு' நன்றாக வேரூன்றிவிட்டது. பாடல்களின் வரிசை முக்கியமான தொகுப்புக்குக் 'கோவை' இன்னும் பொருத்தம் என்பேன். 2021-ல் '30' வந்த சமயம், தொகுப்பைக் கலைத்துப் போடும் பொத்தானை முதன்மையாக வைக்கக் கூடாது என்று அடெல் கேட்டு ஸ்பாட்டிஃபை தளமும் இசைந்ததே, அது கோவை என்ற எண்ணம்தான். 'சிங்கிள்' தனிப்பாடல். தனிப்பாடல் திரட்டு படித்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்: எந்த நூலிலும் சேராமல் தனியே நின்ற பாட்டு. ஆனால் தொகுப்பில் இருந்துகொண்டே தனியாகவும் வெளிவருவது பாப் தனிப்பாடல். அந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

டிஸ்கோகிராஃபிக்கு 'இசைத்தட்டு வரலாறு' என்று எழுதலாமா? தட்டு போய் நாடா வந்தது, நாடா போய்த் தமிழ்நாட்டில் குறுந்தகடும் இலங்கையில் இறுவட்டும் வந்தன, இப்போது கையில் பிடிக்க எதுவுமே இல்லை. பொருளின் பெயரில் சொல்லைக் கட்டினால் பொருளோடு சொல்லும் பழசாகும். ஆங்கிலத்தில் பழகிவிட்டதால் தள்ள முடியவில்லை, நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'இசைத்தட்டியல்' என்பது தவறு. இயல் என்றால் துறை, இங்கே இருப்பது பட்டியல். ஒருவரின் படங்களைப் பட்டியலிடும் ஃபிலிமோகிராஃபியைத் 'திரைப்படவியல்' என்று எழுதுவதும் அதே கோளாறுதான்.

என் தேர்வு 'இசையடைவு'. சொல்லடைவு, நூலடைவு என்று ஆய்வு நூல்களின் பின்பக்கத்தில் பார்த்துப் பழகிய அடைவுதான் இது. 'அடைவே' என்றால் முறையாக, வரிசையாக. எந்த வேலைக்காகத் தெலோனே உட்கார்ந்தாரோ அதே வேலையைச் செய்யும் சொல். பள்ளிக்கல்வித் துறையில் 'அடைவுத் தேர்வு' என்று சாதித்த அளவைக் குறிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். முதலிடங்களையும் பிளாட்டினங்களையும் சுமக்கும் இன்றைய அட்டவணைக்கு அந்த இரண்டாம் பொருளும் உறுத்தாமல் ஒட்டிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் நகையை 'அடைவு' வைப்பார்கள், அங்கிருந்து ஒருவர் சிரித்தால் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் துல்லியமாக வேண்டுபவர்கள் 'ஒலிப்பதிவு அடைவு' என்று எழுதலாம், தலைப்புக்குக் கொஞ்சம் நீளம்.

அட்டவணையின் பத்திகளுக்கு இப்படிப் போடலாம்: தொகுப்பு, வெளியீட்டு நாள், வெளியீட்டாளர், விற்பனை வரிசையில் உச்ச இடம், விற்பனைச் சான்று. பிளாட்டினத்தைப் பிளாட்டினம் என்றே விடலாம், ஆனால் எந்த நாட்டுப் பிளாட்டினம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். தொகுப்புக்குப் பிரிட்டனில் அது 3 லட்சம், அமெரிக்காவில் 10 லட்சம். இடம் கிடைத்தால் உச்ச இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை வாரம் என்று இன்னொரு பத்தியும் சேர்த்துவிட்டால், '21'-க்கும் '30'-க்கும் ஒரே எண் வந்து வாசகரைக் குழப்பாது.