சர்வர் படுத்துக்கொள்வது வேலைப்பளுவால் அல்ல, காத்திருப்பால்

சிபியு 8 சதவீதம்தான் ஓடுகிறது. மெமரி பாதிக்கு மேல் காலி. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி தொங்குகிறது. கூட்டம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று பெரிய மெஷினுக்கு மாற்றுவார்கள். அதுவும் தொங்கும்.

இந்த நிலையில் சர்வர் எந்த வேலையும் செய்துகொண்டிருக்காது. எதற்கோ காத்துக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சேவை பதில் சொல்லக் காத்திருக்கும், பூலில் (பலரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத் திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பில்) ஒரு டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கக் காத்திருக்கும், அல்லது யாரோ பிடித்து வைத்திருக்கும் லாக் (பூட்டு) விடுபடக் காத்திருக்கும். பேக்எண்ட் கோடைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரி எதற்காகவாவது காத்திருக்கிறதா? ஆம் என்றால், எவ்வளவு நேரம்?

கெடு வைக்காத கிளையண்டுகள்

பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் டைம்அவுட் (காத்திருப்பதற்கான கெடு) கொடுக்காமல் விட்டால் அது காலவரையின்றிக் காத்திருக்கும். கோ மொழியோடு வரும் எச்டிடிபி கிளையண்டும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டின் ஆக்சியோஸ் நூலகத்தில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 0. அதற்கு வரம்பே இல்லை என்று பொருள். எதிர்முனை உடனே பிழை சொல்லிவிட்டால் பிரச்சினையில்லை. பதிலும் சொல்லாமல் இணைப்பையும் மூடாமல் மௌனமாக இருக்கும் எதிர்முனைதான் ஆளைக் கொல்லும்.

டைம்அவுட் வைப்பதிலும் இரண்டு கட்டம் உண்டு. இணைப்பு கிடைப்பதற்கான நேரம் வேறு, பதில் வருவதற்கான நேரம் வேறு. லினக்ஸில் இயல்பு அமைப்பில் விட்டால், பதில் சொல்லாத முகவரிக்கு இணைப்புக் கோரிக்கையைப் பல முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் கைவிடும். இணைப்புக்கு அவ்வளவு பொறுமை தேவையே இல்லை. ஒரே டேட்டா சென்டருக்குள் 1 வினாடி, வெளிச் சேவைக்கு 3 வினாடி போதும். பதிலுக்கான நேரத்தை அந்தச் சேவையின் பி99 அளவைப் பார்த்து வையுங்கள். நூறில் 99 கோரிக்கைகள் 800 மில்லிவினாடிக்குள் முடிகின்றன என்றால் 2 வினாடி கெடு தாராளம். சராசரியைப் பார்த்து வைத்தால் ஏமாந்து போவீர்கள்.

இன்னொரு பொறி: ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் 10 வினாடி என்று கொடுத்தால், மொத்தமும் 10 வினாடியில் முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் 10 வினாடி மௌனம் இருந்தால்தான் அது பிழை எறியும். எதிர்முனை 9 வினாடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டிக்கொண்டிருந்தால் உங்கள் கோரிக்கை மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோ கிளையண்டின் டைம்அவுட் அப்படியல்ல, பதிலின் உடலைப் படித்து முடிக்கும்வரையான மொத்த நேரத்தையும் கணக்கில் எடுக்கும். எந்த நூலகம் எந்த நேரத்தை அளக்கிறது என்று ஆவணத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், அளக்கும் விஷயம்தான் வேறு.

உள்ளே போகப்போகக் கெடு குறைய வேண்டும்

அப்ளிகேஷனுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 வினாடி காத்திருந்துவிட்டு 504 (நேரம் கடந்துவிட்டது) என்ற பிழையைக் கொடுத்துவிடும். உள்ளே ஓடும் குவெரிக்கு அது தெரியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டின் (ஒரு குவெரிக்கான கெடுவின்) இயல்பு மதிப்பு 0, ஆகவே அது ஓடிக்கொண்டே இருக்கும். பயனர் என்ன செய்வார்? ரிஃப்ரெஷ் அழுத்துவார். இப்போது அதே கனமான குவெரி இரண்டாக ஓடும். இன்னும் இரண்டு முறை அழுத்தினால் நான்கு. பார்க்க ஆளில்லாத பதிலுக்காக டேட்டாபேஸ் மாடாக உழைத்துக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸ் லாகில் (பதிவேட்டில்) 499 என்ற எண் வரிசையாகத் தெரிந்தால், பதில் வருமுன் கிளையண்டுகள் கிளம்பிப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஆகவே வெளியே பெரிய கெடு, உள்ளே சிறிய கெடு. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் லோட் பேலன்சரில் 30 வினாடி என்றால் அப்ளிகேஷனில் ஒரு கோரிக்கைக்கு மொத்தம் 20, அதற்குள் நடக்கும் வெளி அழைப்புக்கு 3, குவெரிக்கு 5. கூட்டிப் பார்த்தால் மொத்தத்துக்குள் அடங்க வேண்டும். குவெரிக் கெடுவை டேட்டாபேஸ் முழுவதற்கும் பொதுவாக வைக்காமல் ரோலுக்கு ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு வாரியாக) வைப்பது நல்லது: வெப் அப்ளிகேஷன் நுழையும் ரோலுக்கு 5 வினாடி, ரிப்போர்ட் எடுக்கும் ரோலுக்கு 5 நிமிடம். போஸ்ட்கிரெஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் முறையில் (சேர்ந்தே நிறைவேற வேண்டிய குவெரித் தொகுதியான டிரான்சாக்‌ஷன் ஒன்று முடிந்ததும் இணைப்பு அடுத்தவருக்குப் போகும் முறை) வைத்திருப்பவர்கள், செஷன் அளவில் செட் செய்த மதிப்பு அடுத்தவர் கோரிக்கைக்கும் ஒட்டிக்கொண்டு போகும் என்பதை மறக்கக் கூடாது. அங்கே அந்த டிரான்சாக்‌ஷனோடு முடிந்துவிடும் செட் லோக்கல்தான் பாதுகாப்பு.

ஒரே ஒரு இடத்தில் இந்த வரிசை தலைகீழாகும்: அடுத்த கோரிக்கைக்காகத் திறந்தே வைத்து, சும்மா இருக்கும் கீப்அலைவ் இணைப்புகளில். நோட்.ஜேஎஸ் சர்வர் பல பதிப்புகளில் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 வினாடியில் மூடிவிடும். முன்னால் நிற்கும் லோட் பேலன்சரோ அதே இணைப்பை 60 வினாடி வரை உயிரோடு இருப்பதாக நம்பும். நோட் மூடும் அதே நொடியில் லோட் பேலன்சர் அதன்மேல் கோரிக்கை அனுப்பினால் 502 பிழை. ஆயிரத்தில் ஒன்று இரண்டு வரும், அப்ளிகேஷன் லாகில் தடயமே இருக்காது. கோடில் தேடிப் பயனில்லை. நோட் பக்கத்தின் கீப்அலைவ் நேரத்தை 65 வினாடிக்கு ஏற்றினால் தீர்ந்தது.

பூலின் கணக்கு

கனெக்‌ஷன் பூலை எத்தனைக்கு வைப்பது என்பதைக் குத்துமதிப்பாக முடிவு செய்வதுதான் வழக்கமாக இருக்கிறது. எளிய பெருக்கல் போதும். வினாடிக்கு 200 குவெரி வருகிறது, ஒன்றுக்கு 0.05 வினாடி ஆகிறது என்றால் ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் இணைப்பு 200 × 0.05 = 10. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. ஒரு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) விட்டுப்போய் குவெரி 2 வினாடி இழுத்தால் அதே கூட்டத்துக்கு 400 இணைப்பு வேண்டும். பூலைப் பத்திலிருந்து இருபதாக்கிப் பயனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. குறைக்க வேண்டியது பிடித்து வைத்திருக்கும் நேரத்தை.

மறுபக்கம் டேட்டாபேஸுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. போஸ்ட்கிரெஸில் இயல்பாக 100 இணைப்பு, அதில் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. மைஎஸ்கியூஎல்லில் 151. பூல் அளவு 20, அப்ளிகேஷன் 4 பிரதிகளாக ஓடுகிறது என்றால் 80, அடங்கிவிடும். ஆனால் புதிய பதிப்பை ஏற்றும் அந்த இரண்டு நிமிடம் பழைய நான்கும் புதிய நான்கும் சேர்ந்து ஓடும், 160 ஆகிவிடும். டெப்லாய் செய்யும்போது மட்டும் இணைப்புப் பிழை வருகிறது என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான். பின்னணி வேலை செய்யும் வொர்க்கர்களையும் குறித்த நேரத்தில் ஓடும் கிரான் ஜாப்களையும் சேர்த்துக் கூட்ட மறந்துவிடுவார்கள்.

பூலிலிருந்து இணைப்பு கிடைக்கக் காத்திருப்பதற்கும் கெடு உண்டு. ஜாவாவின் ஹிகாரியிலும் பைத்தானின் எஸ்கியூஎல்ஆல்கெமியிலும் இயல்பு மதிப்பு 30 வினாடி. வெப் கோரிக்கைக்கு அது மிக அதிகம். 2 அல்லது 3 வினாடியில் கிடைக்கவில்லையென்றால் 503 (இப்போது முடியாது) சொல்லித் திருப்பி அனுப்புவதே மேல். எல்லோரையும் 30 வினாடி நிற்க வைத்து எல்லோருக்கும் பிழை கொடுப்பதில் என்ன லாபம்?

டிரான்சாக்‌ஷனுக்குள் வெளியே போகாதீர்கள்

அதிகம் பார்க்கக்கூடிய தவறு இதுதான், கோட் ரிவ்யூவில் எளிதாகத் தப்பிவிடுவதும் இதுதான். ஆர்டர் போடும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். டிரான்சாக்‌ஷன் தொடங்குகிறது, ஸ்டாக் அட்டவணையில் அந்தப் பொருளுக்கான வரிசையை (ரோ) லாக் செய்கிறது, பேமென்ட் கேட்வேயை அழைக்கிறது, ஆர்டரைச் சேமிக்கிறது, மின்னஞ்சல் அனுப்புகிறது, கடைசியில் எல்லாவற்றையும் நிலையாக்கும் கமிட். படிக்க அழகாக இருக்கும். கேட்வே வழக்கமான 300 மில்லிவினாடிக்குப் பதில் 20 வினாடி எடுக்கும் நாளில், அந்த 20 வினாடியும் ஒரு இணைப்பும் ஒரு ஸ்டாக் வரிசையின் லாக்கும் சிக்கிக் கிடக்கும். பூல் அளவு 10 என்றால் பத்தே பயனர்கள் போதும். ஆர்டருக்குச் சம்பந்தமே இல்லாத லாகின் பக்கம்கூட அதோடு நின்றுவிடும். பைத்தானின் வெப் கட்டமைப்பான ஜாங்கோவில் ஒவ்வொரு கோரிக்கையையும் டிரான்சாக்‌ஷனில் சுற்றும் அமைப்பை இயக்கியிருந்தால், எழுதியவருக்கே தெரியாமல் இது எல்லா வியூவிலும் நடக்கும்.

பிரித்து எழுத வேண்டும். முதல் டிரான்சாக்‌ஷனில் ஸ்டாக்கை ஒதுக்கி, ஆர்டரை 'பணம் நிலுவை' என்ற நிலையில் சேமித்துக் கமிட் செய்யுங்கள். கேட்வே அழைப்பு அதற்கு வெளியே. பதில் வந்ததும் இரண்டாவது டிரான்சாக்‌ஷனில் நிலையை மாற்றுங்கள். அதே டிரான்சாக்‌ஷனில் 'அனுப்ப வேண்டிய அஞ்சல்' என்று ஒரு அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்துவிட்டால், வொர்க்கர் அதை எடுத்து அனுப்பிக்கொள்ளும். இரண்டு டிரான்சாக்‌ஷனுக்கும் நடுவில் புராசஸ் செத்துப்போனால்? அதற்காகத்தான் அந்த நிலுவை நிலை. 5 நிமிடத்துக்கு மேல் நிலுவையில் நிற்கும் ஆர்டர்களை ஒரு ஜாப் எடுத்து, கேட்வேயிடம் நிலவரம் கேட்டு முடித்து வைக்க வேண்டும். இந்த ஜாப்பை எழுதாமல் பிரிப்பது பாதி வேலை.

பல வொர்க்கர்கள் ஒரே அட்டவணையிலிருந்து வேலை எடுக்கும்போது ஸ்கிப் லாக்ட் சேர்த்து எடுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5 முதலும் மைஎஸ்கியூஎல் 8.0 முதலும் இருக்கிறது. ஒருவர் பிடித்த வரிசைக்கு மற்றவர் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்.

மைஎஸ்கியூஎல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வரிசை லாக்குக்காக அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி 50 வினாடி காத்திருந்து பிழை கொடுக்கும்போது, இயல்பாக அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டை மட்டுமே திரும்பப் பெறும். டிரான்சாக்‌ஷன் திறந்தபடியே இருக்கும். பிழையைப் பிடித்து லாகில் எழுதிவிட்டு மேலே நகரும் கோட், அரைகுறை டேட்டாவைக் கமிட் செய்துவிடும். ரோல்பேக்கை (டிரான்சாக்‌ஷன் முழுவதையும் திரும்பப் பெறுவதை) நீங்கள்தான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மைக்ரேஷன் எனும் வரிசை நெரிசல்

மைக்ரேஷன் என்றால் அட்டவணையின் அமைப்பை மாற்றுவது. அதில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்ப்பது மில்லிவினாடி வேலை. ஆனாலும் தளம் நின்றுபோகும். ஏனென்றால் அதைச் செய்யும் ஆல்டர் டேபிள் கட்டளைக்கு அந்த அட்டவணையின்மேல் முழு உரிமை லாக் வேண்டும். யாரோ பத்து நிமிடமாக ஒரு ரிப்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தால் ஆல்டர் அதன் பின்னால் நிற்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கள் (டேட்டாவைப் படிக்கும் குவெரிகள்) அதைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் சேரும். ரிப்போர்ட்டும் செலக்ட்தான், அவை ஒன்றையொன்று தடுக்காது; நடுவில் போய் நின்ற ஆல்டர்தான் அடைப்பு. போஸ்ட்கிரெஸில் மைக்ரேஷனின் முதல் வரியாக லாக் டைம்அவுட்டை 2 வினாடி என்று வையுங்கள். கிடைக்காவிட்டால் தோற்கட்டும், அரை நிமிடம் கழித்து மறுபடி முயலலாம். மைஎஸ்கியூஎல்லில் இதற்கு ஒப்பான கெடுவின் இயல்பு மதிப்பு 31536000 வினாடி. ஆம், முழுசாக ஓர் ஆண்டு.

இண்டெக்ஸை போஸ்ட்கிரெஸில், அட்டவணையில் எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி சேர்த்து உருவாக்குங்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் அது ஓடாது என்பதால் மைக்ரேஷன் கருவியிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

மறுமுயற்சி

டைம்அவுட் வைத்தவர் அடுத்து ரீட்ரை வைப்பார். அங்கேயும் பெருக்கல் காத்திருக்கிறது. மூன்று அடுக்குச் சேவைகள், ஒவ்வொன்றும் 4 முறை முயல்கிறது என்றால் கடைசியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கிளிக்கினால் 64 குவெரி. ஏற்கெனவே மூச்சு வாங்குபவன் மேல் ஏறி உட்காருவது இது. ஒரே ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி செய்யுங்கள். இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள், அதோடு கொஞ்சம் தற்செயல் நேரமும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒன்றாக விழுந்த ஆயிரம் கிளையண்டுகளும் சரியாக 2 வினாடி கழித்து ஒன்றாக வந்து நிற்கும். கோரிக்கையே தவறு என்று சொல்லும் 400, 422 போன்ற பிழைகளை மறுபடி முயல்வதில் அர்த்தமில்லை.

டைம்அவுட் ஆனது என்றால் நடக்கவில்லை என்று பொருள் அல்ல. நடந்ததா இல்லையா என்று தெரியவில்லை என்றுதான் பொருள். பணம் சம்பந்தப்பட்ட போஸ்ட் கோரிக்கைக்கு இதனால்தான் ஐடெம்பொடென்சி கீ, ஒரே வேலை இரண்டு முறை நடக்காமல் காக்கும் சாவி. பொத்தானை அழுத்தும்போது கிளையண்ட் ஒரு சாவி உருவாக்கி, எத்தனை முறை முயன்றாலும் அதே சாவியை அனுப்ப வேண்டும். முயற்சிக்கொரு புதுச் சாவி உருவாக்கும் கோட் எதையும் காப்பாற்றாது. சர்வர் பக்கம் அந்தச் சாவி இருக்கும் நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) இருக்க வேண்டும். முதலில் செலக்ட் செய்து 'இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு இன்செர்ட் செய்தால், ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் 'இல்லை' என்ற பதிலையே பெறும். நேராக இன்செர்ட் செய்யுங்கள்; மோதினால் முந்தையதன் பதிலை எடுத்துக் கொடுங்கள்.

தொங்கும்போது எங்கே பார்ப்பது

ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ரீஸ்டார்ட் தடயத்தை அழித்துவிடும். போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூவில் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். நிலை 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று நிமிடக்கணக்கில் இருந்தால், டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு அப்ளிகேஷன் வெளியே போயிருக்கிறது. காத்திருக்கும் காரணம் லாக் என்று காட்டினால், யார் தடுக்கிறார் என்பதை பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் சொல்லும். அங்கே எதுவுமே தெரியாமல் எல்லா இணைப்பும் வெறுமனே ஐடிலாக இருந்தால், சிக்கல் டேட்டாபேஸில் இல்லை. திரெட் டம்ப் (அப்ளிகேஷனின் ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் இருக்கிறது என்ற பட்டியல்) எடுத்து அவை எந்த அழைப்பில் நிற்கின்றன என்று பாருங்கள்.

லாகில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண், மொத்த நேரம், பூலுக்குக் காத்த நேரம், டேட்டாபேஸில் போன நேரம், வெளி அழைப்பில் போன நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். மொத்த நேரத்தை மட்டும் எழுதியிருந்தால் அந்த இரவு ஊகத்திலேயே கழியும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் பேமென்ட் கேட்வே முகவரியை, இணைப்பை ஏற்றுக்கொண்டு 60 வினாடி தூங்கும் பத்து வரி ஸ்கிரிப்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஒரே நேரத்தில் 30 ஆர்டர் அனுப்பிவிட்டு, பிரவுசரின் பக்கத்து டேபில் லாகின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.